விதைநெல் சீட்டும் சூரிய ஸ்புடமும்: சொந்தமாக வானியல் கணக்குப் புரோகிராம் எழுத ஒரு வழி

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சீட்டுக் கிடைத்தது. யாரோ இரண்டு கோட்டை (பழைய நெல் அளவு) விதைநெல் கடன் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. தலைப்பில் தேதி இப்படி இருந்தது: ‘கொல்லம் ௲௯௰௮௵ ஆடி௴ ௰௨௳ வெள்ளிக்கிழமை’. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. எண்களைப் பிரித்தால் கொல்லம் 1098, ஆடி 12. இங்கிலீஷ் தேதி எங்கேயும் இல்லை.

“இது என்னைக்கு எழுதுனதுன்னு பாத்துச் சொல்லுல. கம்ப்யூட்டர் வச்சிருக்கேல்லா?” என்றாள் ஆச்சி.

வருஷத்தைப் பிடிப்பது சுலபம். திருநெல்வேலிச் சீமையின் பழைய சீட்டுகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு சர்வசாதாரணம். எங்கள் பக்கம் அது ஆவணி 1இல் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. ஆகவே 1098 ஆடி என்பது 1923 ஜூலை, ஆகஸ்ட். மாதம் வரை சரி. ஆடி 12 ஜூலையில் எந்தத் தேதி? அங்கேதான் சூரியன் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு தேதிக்காக நான் எழுத ஆரம்பித்த புரோகிராம் எந்த வரிசையில் வளர்ந்ததோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். பள்ளிக்கூடத்து சைனும் கோசைனும் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில் பெரிய லைப்ரரி (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு) எதையும் இறக்கிக்கொள்ளாதீர்கள். அது இரண்டே வரியில் விடை கொடுத்துவிடும். அந்த விடை தப்பாக இருந்தால், எங்கே தப்பு என்று தேட நமக்கு வழி தெரியாது. முதல் மூன்று படிகளுக்கு எக்செல்லே போதும். நான் அப்படித்தான் தொடங்கினேன். பைத்தானுக்கு அப்புறம்தான் போனேன். இன்னொன்று: ஒவ்வொரு படியிலும் விடையைச் சோதிக்க வெளியே ஒரு சாட்சி வேண்டும். என் சீட்டில் அந்தச் சாட்சி ‘வெள்ளிக்கிழமை’.

நாளை எண்ணாக்குங்கள்

மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, லீப் வருஷமா இல்லையா என்ற தொல்லையெல்லாம் ஒரே இடத்தில் தீர வேண்டும். அதற்குத்தான் நாட்களை விடாமல் வரிசையாக எண்ணிக்கொண்டே போகும் ஜூலியன் நாள் எண். 2000 ஜனவரி 1 கிரீனிச் நண்பகலுக்கு அந்த எண் 2451545. நம் பஞ்சாங்கக்காரர்கள் கலியுகம் பிறந்ததிலிருந்து நாட்களை எண்ணி ‘அகர்கணம்’ என்று வைத்திருப்பதும் இதே யுக்திதான், ஆரம்பப் புள்ளி மட்டும் வேறு.

கணக்கு இது. மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி என்றால் மாதத்தோடு 12 கூட்டி, வருஷத்தில் 1 குறைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தை 100ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுங்கள், அது ‘அ’. ‘ஆ’ என்பது 2 − அ + (அ ÷ 4இன் முழு எண்). பிறகு:

நாள் எண் = முழு(365.25 × (வருஷம் + 4716)) + முழு(30.6001 × (மாதம் + 1)) + தேதி + ஆ − 1524.5

தேதியில் நேரத்தையும் பின்னமாகச் சேர்க்க வேண்டும். நண்பகல் என்றால் 0.5. 1923 ஜூலை 27 நண்பகலைப் போட்டுப் பார்ப்போம். அ = 19, ஆ = −13. 2424894 + 244 + 27.5 − 13 − 1524.5 = 2423628. நண்பகல் எண்ணோடு 1 கூட்டி 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கிழமை: 0 ஞாயிறு, 1 திங்கள் என்று போகும். 2423629ஐ வகுத்தால் மீதி 5. வெள்ளி.

இதையே அகர்கணத்தாலும் சரிபார்க்கலாம். 2423628இலிருந்து 588466ஐக் கழித்தால் கலி நாள் 1835162. அது ஏழால் மீதியில்லாமல் வகுபடும். கலியுகம் பிறந்தது வெள்ளிக்கிழமை, ஆகவே இதுவும் வெள்ளி. இரண்டு வழியிலும் ஒரே கிழமை வந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

ஆனால் ஜூலை 27 வெள்ளிக்கிழமை என்றுதான் இதுவரை தெரியும். அதுதான் ஆடி 12 என்று இன்னும் தெரியாது.

சூரியன் எங்கே நிற்கிறது

தமிழ் மாதம் சூரியனோடு நடப்பது. சூரியன் கடகத்துக்குள் நுழையும் கணம் தெரிந்தால்தான் ஆடி 1 தெரியும். அதற்குச் சூரிய ஸ்புடம், அதாவது வானத்தில் சூரியன் நிற்கும் பாகை, வேண்டும். இன்றைய தேவைக்கு மிக எளிய சூத்திரம் ஒன்று உண்டு. நாள் எண்ணிலிருந்து 2451545ஐக் கழியுங்கள், அது ‘ந’.

மத்தியமம் = 280.460 + 0.9856474 × ந
கோணம் = 357.528 + 0.9856003 × ந
ஸ்புடம் = மத்தியமம் + 1.915 × சைன்(கோணம்) + 0.020 × சைன்(2 × கோணம்)

எல்லாம் பாகையில். கடைசியில் 360ஐக் கழித்தோ கூட்டியோ 0 முதல் 360க்குள் கொண்டுவர வேண்டும். 1950 முதல் 2050 வரை பாகையில் நூற்றில் ஒரு பங்கு சுத்தமாக வரும். 1923க்கும் எனக்குப் பெரிதாக மோசம் போகவில்லை. அந்த நூற்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று யோசியுங்கள். சூரியன் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு பாகை நகர்கிறது. ஆகவே 0.01 பாகை என்றால் சங்கராந்தி (சூரியன் ராசிக்குள் நுழையும் கணம்) நேரத்தில் கால் மணி நேரம் முன்பின். மாதப் பிறப்புக்கு இது பெரும்பாலும் போதும்.

சோதித்துப் பார்க்க ஒரு விடை: 2000 ஜனவரி 1 நண்பகலுக்கு 280.376 வர வேண்டும். உங்களுக்கு 279.3 மாதிரி ஏதாவது வந்தால், பாகையை ரேடியனாக மாற்றாமல் சைனுக்குள் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். எக்செல்லும் பைத்தானும் ரேடியனில்தான் கேட்கும். இந்தத் தப்பு ஏன் ஆபத்து என்றால், விடை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஒரு பாகைதான் தள்ளியிருக்கும். அதற்குள் ஒரு நாள் போய்விட்டது. படுமோசமான தப்பைக் கண் கண்டுபிடித்துவிடும், இந்த மாதிரி சாதுத் தப்புதான் ஆளைக் கவிழ்ப்பது.

உதயம், உச்சி, பனாமா

மாதப் பிறப்பு விதியில் அஸ்தமனம் வருகிறது, ஆகவே உதயாஸ்தமனம் கணக்கிடத் தெரிய வேண்டும். முதலில் உச்சிப்பொழுது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். திருநெல்வேலி 77.7 பாகையில் இருக்கிறது. 4.8 பாகை வித்தியாசம், பாகைக்கு 4 நிமிஷம்: சூரியன் நம் தலைக்கு மேலே வரச் சராசரியாக 12 மணி 19 நிமிஷம் ஆகும். சராசரி என்றுதான் சொன்னேன். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு என்பதால் பிப்ரவரி நடுவில் உச்சி 12.33க்குப் போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.03க்கே வந்துவிடும். சென்னைக்கும் நமக்கும் பத்து நிமிஷ வித்தியாசம். சென்னை நேரத்தை வைத்து இங்கே ராகுகாலம் பார்ப்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

ஸ்புடத்திலிருந்து கிராந்தி, அதாவது சூரியன் வான நடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ விலகியிருக்கும் பாகை: சைன்(கிராந்தி) = சைன்(23.44) × சைன்(ஸ்புடம்). அதிலிருந்து அரைப் பகல்:

கோசைன்(அரைப் பகல்) = (சைன்(−0.833) − சைன்(அட்சம்) × சைன்(கிராந்தி)) ÷ (கோசைன்(அட்சம்) × கோசைன்(கிராந்தி))

−0.833 எங்கிருந்து வந்தது? காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் தொடுவானத்தில் சூரியன் 34 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) தூக்கித் தெரிகிறது, அதன் பாதி உருவம் 16 கலை. மொத்தம் 50 கலை. கிடைக்கும் பாகையை 15ஆல் வகுத்தால் மணி. உச்சியிலிருந்து கழித்தால் உதயம், கூட்டினால் அஸ்தமனம். அட்சம் என்ற இடத்தில் நம் அட்சரேகை 8.73 போட்டால் ஜூன் 21இல் பகல் 12 மணி 38 நிமிஷம், டிசம்பர் 21இல் 11 மணி 37 நிமிஷம் வர வேண்டும். வருஷம் முழுக்க ஒரே ஒரு மணி நேரம்தான் ஏற்ற இறக்கம். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று வராத காரணம் இதில் இருக்கிறது.

இங்கேதான் நான் பனாமாவுக்குப் போனேன். கொஞ்சம் சுத்தமான கணக்கு வேண்டும் என்று ழான் மேயுஸ் எழுதிய ‘அஸ்ட்ரனாமிக்கல் அல்காரிதம்ஸ்’ என்ற புத்தகத்தைப் பார்த்து உதயத்தைத் திரும்ப எழுதினேன். உதயம் சாயங்காலத்தில் வந்தது. இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் தீர்க்கரேகை மேற்கே போனால்தான் நேர்க்குறி, கிழக்கே எதிர்க்குறி. நான் 77.7 என்று போட, அது பாளையங்கோட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனாமாக் காட்டில் வைத்துவிட்டது. புத்தகம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, படிக்காதது நான். எந்தச் சூத்திரத்தை எங்கிருந்து எடுத்தாலும் குறி எந்தப் பக்கம், நேரம் எந்த ஊர் நேரம் என்று முதலில் பாருங்கள்.

சாட்சிக்கு மொட்டைமாடி போதும். ஒரு கம்பைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு வையுங்கள். திருநெல்வேலியில் ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் 30, 31 வாக்கிலும் சூரியனின் கிராந்தியும் நம் அட்சரேகையும் ஒன்றாகும். அன்று பகல் 12.20க்குக் கம்பின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். உங்கள் புரோகிராம் சொல்லும் தேதியும் நிமிஷமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். உதயத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் உவரிக் கடற்கரைக்குப் போங்கள். அஸ்தமனத்தை அம்பாசமுத்திரத்தில் நின்று சோதிக்காதீர்கள். கணக்கு சொல்லும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே பொதிகை சூரியனை விழுங்கிவிடும், நீங்கள் புரோகிராமைத் திட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

சீட்டின் தேதி

இதுவரை வந்த ஸ்புடம் சாயனம், அதாவது வசந்த விஷுவப் புள்ளியிலிருந்து (மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடம்) அளந்தது. நம் ராசிகள் நட்சத்திரங்களிலிருந்து அளப்பவை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அயனாம்சம். மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21க்கு அதை 23 பாகை 15 கலை என்று வைத்தது. லாகிரி அயனாம்சம் என்று சொல்வது இதைத்தான். வருஷத்துக்கு 50.3 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) கூடும். பின்னால் போனால் 1923 ஜூலையில் ஏறக்குறைய 22.79 பாகை.

இப்போது ஸ்புடத்திலிருந்து அயனாம்சத்தைக் கழித்தால் சரியாக 90, அதாவது கடகம் தொடங்கும் பாகை, வரும் கணம் வேண்டும். நேராகத் தீர்க்கத் தேவையில்லை. ஜூலை 16 காலையில் 90க்குக் குறைவு, 17 காலையில் கூடுதல். நடுவில் பாருங்கள், குறைவென்றால் பின்பாதி, கூடுதலென்றால் முன்பாதி. இப்படிப் பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போனால் பதினைந்து தடவைக்குள் நிமிஷம் கைக்கு வந்துவிடும். திதி முடிவு, நட்சத்திர முடிவு எல்லாவற்றுக்கும் இதே ஒரு துண்டு நிரலைப் பயன்படுத்தலாம்.

எனக்கு வந்தது ஜூலை 16 பிற்பகல் 2 மணி சுமார். ஆகா என்று ஆடி 1ஐ அடுத்த நாள் உதயத்திலிருந்து, ஜூலை 17 என்று வைத்தேன். ஆடி 12 ஜூலை 28இல் விழுந்தது. சனிக்கிழமை! சீட்டு வெள்ளி என்கிறது.

கணக்கில் தப்பில்லை, விதியில்தான் தப்பு. சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின்னால் வந்தால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கம். மலையாளத்தில் எல்லை அஸ்தமனம் இல்லை, பகலை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்கு முடியும் நேரம். நம் விதிப்படி ஜூலை 16 ஆடி 1. ஆடி 12 ஜூலை 27, வெள்ளிக்கிழமை. சீட்டு எழுதியவர் பார்த்திருக்கக்கூடியது பழைய வாய்ப்பாட்டு முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம். அந்தக் கணக்கில் சங்கராந்தி இன்னும் கொஞ்சம் பிந்தும், ஆனாலும் அஸ்தமனத்துக்கு முன்புதான். தேதி மாறவில்லை. வருஷத்தின் பெயரையும் பார்த்தேன்: ருத்ரோத்காரி.

இந்த மாதிரி மாதப் பிறப்பு விதிகளை உலக நாட்காட்டிகள் பலவற்றுக்கும் சேர்த்து நிரலோடு தரும் ஒரு புத்தகம் ரைன்கோல்டும் டெர்ஷோவிட்ஸும் எழுதிய ‘காலண்ட்ரிக்கல் கால்குலேஷன்ஸ்’. நிரல் லிஸ்ப் மொழியில் இருக்கும், பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான். இன்றைய தேதிகளைச் சோதிக்க மத்திய அரசின் ராஷ்டிரிய பஞ்சாங்கம் தமிழிலும் வருகிறது. கொல்கத்தாவில் உள்ள நிலை வானியல் மையம் வெளியிடுவது. லாகிரி அயனாம்சத்தில் எழுதிய புரோகிராமுக்கு அதைவிட நல்ல நீதிபதி கிடையாது.

நிலா வந்தால் வேலை கூடும்

சூரியனுக்கு இரண்டு சைன் போதுமாக இருந்தது. நிலாவைப் பூமியும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் அதன் நடை கோணல்மாணல். மேயுஸ் புத்தகத்தில் நிலாவின் ஸ்புடத்துக்கு மட்டும் ஏறக்குறைய அறுபது உறுப்புகள் கொண்ட அட்டவணை இருக்கிறது. பொறுமையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு எண் பிசகினாலும் தெரியாது. அந்த அத்தியாயத்திலேயே விடையோடு ஒரு உதாரணம் இருக்கிறது, அது வரும் வரை நகராதீர்கள். முடித்தால் 10 விகலைச் சுத்தம். திதி என்பது நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம். 10 விகலைப் பிசகினால் திதி முடிவு இருபது வினாடிதான் மாறும். பஞ்சாங்கத்துக்கு இது தாராளம்.

இந்த அட்டவணை வேலை நமக்குப் புதிதில்லை. வாக்கிய முறையில் நிலாவுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. நிலா பூமிக்கு அருகே வந்து திரும்ப அருகே வர ஆகும் காலம் 27.55 நாள், ஒன்பது சுற்று ஏறக்குறைய சரியாக 248 நாள். எண்களை எழுத்துகளாக்கிச் சின்னச் சின்ன வாக்கியங்களாக மனப்பாடம் செய்துகொண்டார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டு மெமரியில் வைக்கும் வாய்ப்பாடுதான் அது. 1825இல் சென்னையில் வெளிவந்த ‘காலசங்கலிதம்’ நூலில் ஜான் வாரன் எழுதுகிறார்: புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனதில் இருந்த வாய்ப்பாட்டைக் கொண்டே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிசகு நான்கே நிமிஷம். முடிவு நேரத்தில் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் பிசகியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கிரகணம் வரை போகிறவர்களுக்கு ஒரு சமாச்சாரம். பூமி சுழலும் வேகம் ஒரே சீராக இல்லை. கிரகங்களின் கணக்கு ஓடும் சீரான காலத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் இப்போது 69 வினாடி வித்தியாசம். சூரியனுக்கு இதை மறந்துவிடலாம். நிலாவுக்கு மறக்கக் கூடாது. நல்ல சோதனை 2010 ஜனவரி 15இன் வளையச் சூரிய கிரகணம். கன்னியாகுமரி, தனுஷ்கோடி வழியாகப் போன வளையம் நெல்லையிலும் தெரிந்தது. பிற்பகல் ஒரு மணி தாண்டி இங்கே வளையம் வருகிறதா என்று உங்கள் புரோகிராமைக் கேளுங்கள்.

இப்போது லைப்ரரிக்குப் போகலாம்

இவ்வளவும் ஆனபின் லைப்ரரியைத் தொடுவதில் தப்பில்லை, இப்போது அது சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் ஆள் இருக்கிறது. பைத்தானில் ஸ்கைஃபீல்ட் கையாளச் சுலபம், இலவசம். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தரும் கிரகக் கோப்புகளை அது படிக்கும். டிஇ421 கோப்பு 17 எம்பிதான், 1900 முதல் 2050 வரை வரும். அதற்கு முந்திய சீட்டு என்றால் டிஇ440 எடுங்கள், அது 1550 வரை பின்னால் போகும். நிரலே எழுதாமல் ஒரு விடையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஜேபிஎல்லின் ஹொரைசன்ஸ் சேவையில் ஊரின் அட்ச தீர்க்கத்தைக் கொடுத்துக் கேட்கலாம்.

ஜாதகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது ஸ்விஸ் எஃபெமெரிஸ் என்ற லைப்ரரியில். லாகிரி அயனாம்சம் அதிலேயே இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் நிரலைத் திறந்து வைத்தால் இலவசம், மூடிய ஆப் செய்து விற்பதென்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். கிரகங்களையும் சொந்தமாகவே எழுத ஆசைப்பட்டால் பாரிஸில் ப்ரெதாஞோனும் ஃப்ராங்கூவும் செய்த விஎஸ்ஓபி87 தொடர்கள் இருக்கின்றன. மேயுஸ் அவற்றைச் சுருக்கித் தருகிறார். கால்குலேட்டரும் நோட்டும் மட்டுமே கையில் இருக்கிற ஆளுக்கு டஃபெட் ஸ்மித் எழுதிய ‘பிராக்டிக்கல் அஸ்ட்ரானமி வித் யுவர் கால்குலேட்டர்’ இவை எல்லாவற்றையும்விட நல்ல தொடக்கம்.

பெட்டியில் இரண்டாவது சீட்டு ஒன்று இருக்கிறது. வருஷத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது கார்த்திகை மாதம், வளர்பிறை ஏகாதசி, திங்கட்கிழமை. தேதி ௯ஆ ௧ஆ (9ஆ 1ஆ) என்று தெரியாதபடி மை கலைந்து கிடக்கிறது. அதே திதி அதே தமிழ்த் தேதிக்குத் திரும்ப வரப் பெரும்பாலும் பத்தொன்பது வருஷம் ஆகும். கிழமையும் சேர்ந்து பொருந்துவது அதைவிட அபூர்வம். ஆகவே இரண்டு எண்ணையும் போட்டு, வருஷம் வருஷமாக உதயத் திதியையும் கிழமையையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் சீட்டின் தேதியைச் சொன்னதும் ஆச்சி ஒன்றும் பிரமித்துப்போகவில்லை. “தேதி கெடக்கட்டும். நெல்லத் திருப்பிக் குடுத்தாச்சான்னு அதுல போட்டிருக்கால?” என்றாள்.